டாக்டர் வித்யாசாகர்

வித்யாசாகர் என்றதும் சினிமா பாட்டுக்கு இசை போடுறவரா என்று கேட்காதீர்கள். நான் சொல்ல வந்தவர் மனநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்.

1947-இல் நாடு பிரிந்தது. லாகூர் மனநல மருத்துவமனையில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950-இல்தான் இந்தியா வந்தார்கள். பலர் அமிர்தசரஸ் மருத்துவமனையில் தங்கினார்கள். அதற்குக் கண்காணிப்பாளராக இருந்தவர்தான் வித்யாசாகர்.

அந்தக் காலத்தில் மனநோயாளியைக் கொண்டுவந்து விட்டால், பல வீட்டில் திரும்ப வந்து கூப்பிட்டுப் போகவே மாட்டாங்க. இவர் என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து, வீட்டு ஆட்களையும் நோயாளியோடு தங்க வைத்தார். தாயோ தம்பியோ பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். இது சாபமில்லை, பேயில்லை, வியாதிதான் என்று எல்லாரையும் உட்கார வைத்து அவர்கள் மொழியிலேயே புரியவைத்தார். குணமானவர்கள் குடும்பத்தோடு வீடு திரும்பினார்கள். இன்று அந்த மருத்துவமனைக்கே அவர் பெயர்தான்.

நம்ம வேலூர் சி.எம்.சி.யிலும் 1957-இல் தொடங்கிய மனநல மையத்தில் சொந்தக்காரங்க கூடவே தங்குகிறார்கள்.

ஆனால் 2001-இல் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. வித்யாசாகர் செய்தது எல்லா ஊருக்கும் தெரிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்க தெருவில் ஒரு அக்கா தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அழகாகத் துணி தைக்கிறார். இனி அவரை யாராவது பைத்தியம்னு கூப்பிட்டால் நான் சண்டைக்கு வருவேன்!