தடத்தைக் கைமாற்றிக் கொடுக்க நினைத்தவர்

ஆய்வு மாணவி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஓர் உதவி கேட்டார். ஏரிப் பாசனம் பற்றி நான் பல ஆண்டுகளாக இணையத்தில் தேடித்தேடிப் படித்து வருவதை அறிந்தவர் அவர். என் உலாவியில் புக்மார்க் செய்து வைத்திருக்கும் பக்கங்களையெல்லாம் தனக்குத் தர முடியுமா என்றார். அதில் என்ன சிரமம்? சில நொடிகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட முகவரிகள் ஒரே கோப்பாக அவரைச் சென்றடைந்தன. பெரிதாக எதையோ வழங்கிவிட்ட நிறைவு எனக்கு.

ஒரு வாரம் கழித்துத் தயங்கியபடியே பேசினார். பல பக்கங்கள் திறக்கவில்லை. திறந்தவற்றிலும் எதை எதற்காகக் குறித்து வைத்தீர்கள் என்பது விளங்கவில்லை, ஐயா என்றார். நானும் திறந்து பார்த்தேன். எனக்கே பெரும்பாலானவை விளங்கவில்லை.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் வனீவர் புஷ். அமெரிக்க அதிபர்களைத் தந்த புஷ் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவில்லை. இவர் ஒரு மின்பொறியாளர். தாம் படித்துக் குறித்து வைத்ததைப் பிறருக்கு எப்படிக் கொடுப்பது என்பதை, இணையம் என்ற சொல்லே இல்லாத 1945-இல், இன்றைய நம்மைவிடத் தெளிவாக எண்ணிப் பார்த்தவர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எவரெட் நகரில் 1890-இல் பிறந்தார். தந்தை ஒரு கிறிஸ்தவ மதபோதகர். டஃப்ட்ஸ் கல்லூரியில் படிக்கும்போதே, நிலத்தின் மேடுபள்ளத்தை உருண்டு சென்றபடி தானே வரைந்துகொள்ளும் ஒரு கருவியைச் செய்து, 1912-இல் காப்புரிமை பெற்றார். வாங்கத்தான் ஆளில்லை. முதல் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் காந்தப்புலத்தின் வழியே கண்டறியும் கருவி ஒன்றை உருவாக்கினார். கருவி வேலை செய்தது. ஆனால், அது கடற்படையில் உரிய முறையில் பயன்படுத்தப்படவில்லை. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது தேவைப்படுபவரின் கைக்குப் போய்ச்சேர வேண்டும் என்ற கவலை அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அதன் விதை இந்த இரு ஏமாற்றங்களில் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1919-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். சிக்கலான வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தண்டுகளும் பற்சக்கரங்களும் சுழன்று தீர்க்கும் ஓர் இயந்திரத்தை 1931 வாக்கில் மாணவர்களுடன் சேர்ந்து அங்கே அமைத்தார். அறையையே அடைத்துக்கொண்ட அந்த இயந்திரம் அவருக்குப் புகழ் தந்தது. அடுத்து அவர் கவனம் நுண்படச் சுருளின் பக்கம் திரும்பியது. ஆயிரக்கணக்கான பக்கங்களைச் சிறு சுருளில் அடக்கி, வேண்டியதை நொடியில் தேடி எடுக்கும் கருவிக்கான முயற்சிகளில் இறங்கினார். 1939-இல் வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் தலைவரானார்.

பிறகு போர் வந்தது. 1940 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்து, ஒற்றைத் தாளில் எழுதிய திட்டத்தை நீட்டினார் புஷ். கால் மணி நேரத்துக்குள் ஒப்புதல் கிடைத்தது என்பார்கள். அடுத்த ஆண்டில் அமைந்த அறிவியல் ஆராய்ச்சி, மேம்பாட்டு அலுவலகத்தின் தலைமை அவருக்கு வந்தது. ஏறத்தாழ 6,000 விஞ்ஞானிகளின் பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அது. ரேடார், இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டுமுனை, பென்சிலினைப் பேரளவில் தயாரிக்கும் முயற்சி என அந்த அலுவலகம் ஈடுபட்ட பணிகளின் பட்டியல் நீளமானது. அணுகுண்டுத் திட்டமும் தொடக்கத்தில் அவர் பொறுப்பில்தான் வளர்ந்தது.

இங்கேதான் அந்த மனிதரின் வாழ்க்கை எனக்கு விசித்திரமாகப் படுகிறது. போர்க்காலம் முழுவதும் அவர் பார்த்த வேலை, அறிவைப் பூட்டி வைப்பது. ஒரு குழுவுக்குத் தெரிந்தது அடுத்த குழுவுக்குத் தெரியக் கூடாது என்பது அங்கே சட்டம். அதே காலத்தில் அவர் மனத்தில் ஊறிக்கொண்டிருந்த கட்டுரையோ, அறிவைத் திறந்துவிடுவது பற்றியது. போருக்கு முன்பே எழுதத் தொடங்கிய அந்தக் கட்டுரை, 1945 ஜூலை மாத அட்லாண்டிக் இதழில் வெளிவந்தது. அதே ஜூலை 16-ஆம் நாள் விடியலில், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டபோது, தரையில் படுத்தபடி அதைக் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

கட்டுரை எழுப்பிய சிக்கல் எளியது. ஆராய்ச்சிகள் மலையாகக் குவிகின்றன. அவற்றைத் தேடும் முறையோ மிகப் பழையது. மெண்டல் கண்டறிந்த மரபியல் விதிகள், அவற்றை உணரக்கூடிய ஒருசிலரின் கண்ணில் படாததால் ஒரு தலைமுறைக் காலம் உலகுக்குக் கிடைக்காமலே போயின என்பதை அவர் உதாரணம் காட்டினார். அகர வரிசையிலும் எண் வரிசையிலும் அடுக்கி வைக்கிறோம்; மனித மனமோ ஒன்றிலிருந்து தொடர்புள்ள இன்னொன்றுக்குத் தாவுகிறது. அப்படித் தாவும் வழியையே பதிந்து வைத்தால் என்ன என்று கேட்டார்.

அதற்காக அவர் கற்பனை செய்த கருவியின் பெயர் மெமெக்ஸ். பார்வைக்கு ஒரு மேசை. அதன் மேல் சாய்வான திரைகள், விசைப்பலகை, நெம்புகோல்கள். உள்ளே ஒருவருடைய நூல்கள், கடிதங்கள், குறிப்புகள் அனைத்தும் நுண்படமாக. இரண்டு பக்கங்களைத் திரையில் அருகருகே கொண்டுவந்து ஒரு விசையை அழுத்தினால், அவை நிரந்தரமாகப் பிணைந்துவிடும். அப்படிப் பிணைத்துக்கொண்டே போனால் அது ஒரு தடம்.

அவர் தந்த எடுத்துக்காட்டு வில்லும் அம்பும். சிலுவைப் போர்களில் துருக்கியரின் குறுவில், ஆங்கிலேயரின் நெடுவில்லை விஞ்சியது ஏன் என்று ஒருவர் ஆராய்கிறார். கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம், வரலாற்று நூலில் ஒரு பக்கம், பிறகு பொருள்களின் மீள்தன்மை பற்றிய பாடநூல் என்று இணைத்துச் செல்கிறார். இடையே தம் கைப்பட எழுதிய பக்கம் ஒன்றையும் செருகுகிறார். சில ஆண்டுகளுக்குப் பின் நண்பர் ஒருவருடன் பேசும்போது, தமக்கு உயிர்காக்கும் புதுமையைக்கூட மக்கள் ஏற்க மறுப்பது ஏன் என்ற பேச்சு வருகிறது. உடனே பழைய தடத்தை எடுத்துக் காட்டுகிறார். பிறகு தடம் முழுவதையும் படமெடுத்து நண்பரிடம் கொடுக்கிறார். நண்பர் அதைத் தம் மெமெக்ஸில் செருகிக்கொண்டு, தம்முடைய வேறொரு தடத்தோடு இணைத்துக்கொள்கிறார்.

இந்த இடத்தை மீண்டும் படித்தபோதுதான் என் பிழை எனக்குப் புரிந்தது. அவர் கொடுக்கச் சொன்னது பக்கங்களை அல்ல; பக்கங்களுக்கு இடையே நடந்து போன வழியை. நடுவே தம் கையெழுத்தில் ஒரு தாளும் இருந்தது. நான் அனுப்பிய கோப்பில் என் கையெழுத்து எங்கும் இல்லை. குவியலிலிருந்து பயனுள்ள தடம் அமைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தோன்றுவார்கள் என்றும், ஓர் ஆசிரியரிடமிருந்து சீடர்களுக்கு அவருடைய முடிவுகள் மட்டுமின்றி, அவற்றை எட்ட அவர் கட்டிய சாரமும் சேர்ந்தே கிடைக்கும் என்றும் புஷ் எதிர்பார்த்தார்.

அணு அறிவியலிலும் அவர் அதையே விரும்பினார் என்பது பலர் அறியாத செய்தி. குண்டு வெடிப்பதற்கு முன்பே, 1944 செப்டம்பரில், அவரும் வேதியியலாளர் கோனன்ட்டும் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சனுக்குக் குறிப்பு அனுப்பினார்கள். இந்த ரகசியம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் நிற்காது; ஆகவே பன்னாட்டு அமைப்பு ஒன்றின்கீழ் அறிவியல் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதே பாதுகாப்பு என்பது அதன் சாரம். 1945 செப்டம்பரிலும் ட்ரூமனிடம் அதை வலியுறுத்தினார். நடக்கவில்லை. 1949-இல் சோவியத் நாடும் குண்டை வெடித்தது. தாமே பூட்டிய பூட்டைத் திறக்க முயன்று தோற்றவர் அவர்.

அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு துணைநிற்க வேண்டும் என்ற அவருடைய அறிக்கை மட்டும், நீண்ட இழுபறிக்குப் பின், 1950-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை உருவாக வழிவகுத்தது. ட்ரூமன் ஆட்சியில் அவரது செல்வாக்கு மெல்லக் குறைந்தது. 1954-இல் ஓப்பன்ஹைமர் விசாரிக்கப்பட்டபோது அவருக்காகத் துணிந்து சாட்சி சொன்னார்.

மெமெக்ஸ் ஒருபோதும் செய்யப்படவில்லை. ஆனால், கட்டுரை பயணப்பட்டது. போர் முடிந்த நாள்களில் பிலிப்பின்ஸில் செஞ்சிலுவைச் சங்க நூலகம் ஒன்றில் அதைப் படித்த இளம் ரேடார் பணியாளர் டக்ளஸ் எங்கல்பர்ட், பிற்காலத்தில் கணினிச் சுட்டெலியை உருவாக்கினார். 1962-இல் புஷ்ஷுக்குக் கடிதம் எழுதித் தம் கடனைத் தெரிவித்தார். 1965-இல் மீயுரை என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டிய டெட் நெல்சனும் அவரையே முன்னோடி என்றார். புக்மார்க்குகளைப் பொதுவில் பகிர்வதற்கென்றே 2003-இல் தொடங்கிய டெலீஷியஸ் தளம் சில காலம் ஓங்கி, பின்னர் கைமாறிக் கைமாறி ஓய்ந்தது.

முதுமையில், 1967-இல், புஷ் மீண்டும் மெமெக்ஸ் பற்றி எழுதினார். தந்தை பல்லாண்டுகள் செப்பனிட்ட மெமெக்ஸை மகன் பெற்று, அங்கிருந்து தொடர முடியுமா என்ற கேள்வி அதில் இருக்கிறது. 1974 ஜூன் 28-இல் தமது 84-ஆம் வயதில் காலமானார்.

நான் அறுநூறையும் ஓரமாக வைத்துவிட்டேன். மூன்று வாரங்கள் உட்கார்ந்து, மதகுகளைப் பற்றிய நாற்பது பக்கங்களை மட்டும் தேர்ந்து, எதிலிருந்து எதற்குப் போனேன், ஏன் போனேன், எங்கே ஏமாந்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரி எழுதி அந்த மாணவிக்கு அனுப்பினேன். அவர் தம் பங்குக்கு இரண்டு பக்கங்களை இடையே செருகித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவற்றில் ஒன்று, பதினேழாம் பக்கத்தில் நான் எழுதியது தவறு என்கிறது.