சிமோன் த பொவார்

சிமோன் த பொவார் (சனவரி 9, 1908 – ஏப்ரல் 14, 1986) ஒரு பிரெஞ்சு மெய்யியலாளர், புதின எழுத்தாளர், பெண்ணியச் சிந்தனையாளர் ஆவார். 1949 இல் வெளிவந்த இரண்டாம் பாலினம் என்ற நூலால் உலகெங்கும் அறியப்பட்டவர். எழுத்தாளர் ழான் பால் சார்த்தருடன் இவர் கொண்டிருந்த ஐம்பதாண்டு உறவும் பலராலும் ஆராயப்பட்டுள்ளது.

உடன்பாடு

பாரிசில் பிறந்த பொவார், 1929 இல் மெய்யியல் ஆசிரியர் தகுதிக்கான போட்டித் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் சார்த்தர். அவ்வாண்டே இருவரும் திருமணம் செய்யாமல் இணைந்திருக்க உடன்பட்டனர். தமக்கிடையேயான காதலை இன்றியமையாதது எனவும், பிறருடன் ஏற்படுபவற்றைத் தற்செயலானவை எனவும் வகுத்தனர். எதையும் ஒருவருக்கொருவர் மறைப்பதில்லை என்பதும் உடன்பாட்டில் அடங்கும். இரண்டாண்டுகளுக்கெனத் தொடங்கியது சார்த்தரின் இறப்புவரை நீடித்தது. இருவரும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தவில்லை; பேச்சிலும் கடைசிவரை மரியாதைப் பன்மையையே பயன்படுத்தினர். உடலுறவு நின்றுபோன பின்னரும் சார்த்தரின் முதலிடம் மாறவில்லை. யாருக்காக யாரை விட்டுக்கொடுப்பது என்பதே இத்தரவரிசையின் உண்மையான பொருள் எனலாம்.

பிற உறவுகள்

1947 இல் சிகாகோவில் அமெரிக்க எழுத்தாளர் நெல்சன் ஆல்கிரனைச் சந்தித்துக் காதல் கொண்டார். ஆல்கிரன் திருமணம் செய்துகொள்ள விரும்பினார். பொவார் சார்த்தரையும் பாரிசையும் விட்டுவர மறுத்தார். ஆல்கிரனும் சிகாகோவை விடவில்லை. கோன்கூர் பரிசு பெற்ற மாண்டரின்கள் (1954) புதினத்தைப் பொவார் அவருக்கே காணிக்கையாக்கினார். எனினும், இவ்வுறவைத் தன்வரலாற்றில் வெளிப்படையாக எழுதியதை ஆல்கிரன் மன்னிக்கவில்லை. காதலில் தற்செயலானது என்றொரு வகை இருப்பதையே அவர் ஏளனம் செய்தார்.

1952 முதல் 1959 வரை தம்மைவிட 17 வயது இளையவரான குளோது லான்சுமனுடன் வாழ்ந்தார். பொவார் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த ஆண் அவர் ஒருவரே.

மிகுந்த விலை கொடுத்தவர் முன்னாள் மாணவி பியாங்கா லாம்ப்ளின். பொவாரும் சார்த்தரும் இவருடன் உறவு கொண்டிருந்து, 1940 இல் கைவிட்டனர். யூதரான இவர் செருமானிய ஆக்கிரமிப்பின்போது மறைந்து வாழ நேர்ந்தது. இருவரும் தம்மைப் பற்றி எழுதிக்கொண்டவற்றை, பொவாரின் கடிதங்கள் 1990 இல் வெளியான பின்னரே அறிந்தார். 1993 இல் தம் தரப்பை நூலாக எழுதினார். மறைக்காமை என்ற விதி அவ்விருவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மற்றொரு மாணவியின் தாய் அளித்த புகாரைத் தொடர்ந்து 1943 இல் பொவார் ஆசிரியப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

இறுதிக்காலம்

சார்த்தர் 1980 இல் இறந்தபோது, அவரது எழுத்துகளின் உரிமை அவர் 1965 இல் தத்தெடுத்த ஆர்லெட் எல்கைமைச் சேர்ந்தது. மணமாகாத பொவாருக்குச் சட்டத்தில் எவ்வித இடமும் இருக்கவில்லை. பொவாரும் தம் தோழி சில்வி ல பொன்னைத் தத்தெடுத்துத் தம் எழுத்துகளை அவரிடம் ஒப்படைத்தார். 1986 இல் மோன்பர்னாசு கல்லறைத் தோட்டத்தில் சார்த்தரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது விரலில் ஆல்கிரன் அளித்த மோதிரம் இருந்தது.