தமிழ்த் திரைக்கு வழி சமைத்தவர்

இன்று கைப்பேசி வைத்திருப்போர் எவரும் ஒரு காட்சியைப் படம் பிடித்து, மறுநொடியே அதைப் பார்த்துவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. தாம் எடுத்த படம் சரியாக அமைந்ததா என்று அறிய, ஒருவர் வார இறுதிதோறும் சென்னையிலிருந்து நம் பெங்களூருக்கு வந்து சென்றார். அவரே தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை உருவாக்கிய ஆர். நடராஜ முதலியார்.

அவர் 1885-ஆம் ஆண்டு வேலூரில் பிறந்தார். சென்னையில் முதலில் மிதிவண்டி வணிகமும், பின்னர் மோட்டார் உதிரிப் பாகங்கள் வணிகமும் செய்தார். தாதா சாகேப் பால்கேயின் படங்களைக் கண்டபின், தாமும் படம் எடுக்க வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. திரைக்கலை கற்பிக்கும் பள்ளி எதுவும் அன்று இங்கே இல்லை. எனவே புனே நகருக்குச் சென்று, ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் தொழில் பயின்றார். அக்காலக் கேமராவின் கைப்பிடியைக் கையால் சுழற்ற வேண்டும். சுழற்சி சீராக இல்லையெனில், திரையில் மாந்தரின் நடை இயல்பு கெட்டுத் தோன்றும்.

சென்னை மில்லர்ஸ் சாலையில் 'இந்தியா பிலிம் கம்பெனி'யை நிறுவினார். மின்விளக்குகளுக்குப் பதிலாகக் கதிரவனின் ஒளியையே நம்பினார். மேலே வெண்துணி கட்டி, வெயிலின் கடுமையைத் தணித்துப் படம் பிடித்தார். ஆனால் படச்சுருளைக் கழுவுவதற்குச் சென்னையின் வெப்பம் இடையூறாக இருந்தது. கழுவும் நீர் சூடேறினால், சுருளின் மேலுள்ள பூச்சு இளகிப் படம் பாழாகும். ஆதலால் குளிர்ந்த தட்பவெப்பம் உடைய பெங்களூரில் படம் கழுவும் கூடத்தை அமைத்தார். பல நாள் உழைப்பின் பயன் அக்கூடத்தின் இருளில்தான் தெரியவரும்.

இவ்வாறு உருவானதே 'கீசக வதம்'. ஏறத்தாழ 6,000 அடி நீளமுள்ள அம்மௌனப் படம், 35,000 ரூபாய் செலவில், 35 நாள்களில் எடுக்கப்பட்டது. நாடகக் கலைஞர் ரங்கவடிவேலு நடிகர்களைப் பயிற்றுவிக்கத் துணைபுரிந்தார். கதையை விளக்கும் எழுத்து அட்டைகள் தமிழிலும் இடம்பெற்றன. படம் மக்களின் வரவேற்பைப் பெற்றது. தொடர்ந்து 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'மயில் ராவணன்' முதலிய படங்களையும் எடுத்தார்.

எனினும் துயரம் அவரைத் தொடர்ந்தது. படப்பிடிப்பு நிலையம் தீக்கிரையானது; அன்பு மகனையும் இழந்தார். 1923-ஆம் ஆண்டளவில் திரைத்தொழிலை விட்டு விலகினார். 1971-ஆம் ஆண்டு மறைந்தார்.

அவர் எடுத்த படங்களுள் ஒன்றேனும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், கற்பிப்பார் அருகில் இல்லாதபோது தேடிச் சென்று கற்றார். ஊரின் வெப்பம் தடுத்தபோது வேற்றூரில் வழி கண்டார். தமிழ்த் திரையுலகம் அவர் இட்ட அடித்தளத்தின் மீதே எழுந்தது. அவ்வடித்தளத்தில் நாம் வாழும் பெங்களூருக்கும் பங்கு உண்டு என்பதை எண்ணி மகிழ்வோம்.

பயிற்சி

1. நடராஜ முதலியார் திரைத்தொழிலை எங்கு, யாரிடம் கற்றார்?
2. படம் கழுவும் கூடத்தைப் பெங்களூரில் அமைத்தது ஏன்?
3. பழைய படங்களைப் பாதுகாக்க வேண்டியதன் தேவை குறித்து ஐந்து தொடர்கள் எழுதுக.