இரண்டே சொல்லில் பெயர் வைத்தவர்

நாம் மிளகு என்கிறோம். மலாய்க்காரர் லாடா என்கிறார். பெயர் பிசகினால் சரக்கும் பிசகும் என்பது வியாபாரிகள் அறிந்ததே. தாவர உலகில் இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் கார்ல் லின்னேயஸ்.

ஸ்வீடன் தேசத்தில் ஒரு பாதிரியாரின் மகனாக 1707ஆம் ஆண்டில் பிறந்தார். வைத்தியம் கற்று உப்சாலா சர்வகலாசாலையில் பேராசிரியரானார். அக்காலத்தில் ஒரு செடியின் லத்தீன் பெயர் ஒரு வாக்கிய நீளம் இருக்கும். 1753இல் வெளியிட்ட நூலில் அவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொற்கள் வைத்தார். முதற்சொல் இனத்தைக் குறிக்கும். மற்றது அச்செடிக்கே உரியது. மிளகு, பைப்பர் நைக்ரம். வெற்றிலை, பைப்பர் பீட்டில். திப்பிலி, பைப்பர் லாங்கம். மூன்றும் உறவு என்பது பெயரிலேயே விளங்கிவிடுகிறதல்லவா? பூவின் கேசரங்களை எண்ணி அவர் வகுத்த பிரிவுமுறை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. பெயரிடும் முறை நிலைத்துவிட்டது.

செடி தேடி அவருடைய மாணவர்கள் தூர தேசங்களுக்குக் கப்பலேறினார்கள். பலர் திரும்பவில்லை. போர்ஸ்கால் என்பவர் 1763இல் யெமன் நாட்டில் காய்ச்சலால் மாண்டபோது வயது 31தான். அவர் பெயரை லின்னேயஸ் ஒரு செடிக்குச் சூட்டினார். கோனிக் என்ற மற்றொரு மாணவர் 1768இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து, செடிகள் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பிவந்தார். லின்னேயஸ் 1778இல் காலமானார். கோனிக் ஊர் திரும்பாமலே 1785இல் இந்தியாவில் இறந்தார். ஆசிரியர் அவர் பெயரை வைத்த செடி, தினமும் நம் வீட்டுத் தாளிப்பில் விழும் கறிவேப்பிலை.