நாவல் எழுதிய திரைநாயகி

திருவையாற்றில் 1911இல் பிறந்த டி. பி. இராஜலட்சுமியைத் தமிழ்ப் பேசும்படத்தின் முதல் நாயகி என்றே பலரும் அறிவர். அது பாதி அறிமுகமே. அவர் எழுத்தாளரும் ஆவார் என்பதை இலக்கிய வட்டத்தினராகிய நாமேனும் நினைவுகூர வேண்டாமா?

பால்ய மணம் நிலைக்காமற் போகவே, பிழைப்பின் பொருட்டுச் சிறுவயதிலேயே நாடக மேடை ஏறினார். குடும்பப் பெண் மேடையேறுதல் இழிவெனக் கருதப்பெற்ற காலம் அது. அம்மேடையிலேயே தேசியப் பாடல்களைப் பாடி ஆங்கில அரசின் சினத்துக்கும் ஆளானார்.

1931இல் பம்பாயில் உருவாகிய 'காளிதாஸ்' படத்தில் நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் விடையிறுத்தான்! கதைக்குச் சற்றும் ஒட்டாத இராட்டினப் பாட்டும் அதில் உண்டு. இன்று நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். அன்றைய மக்கள் அதனை விரும்பியே கேட்டனர். 'சினிமா ராணி' என்னும் பட்டம் அவரைத் தேடி வந்தது.

ஆயினும் என் மதிப்பில் அவர்தம் பெருஞ்செயல் 1936இல் நிகழ்ந்தது. தாம் எழுதிய 'கமலவல்லி' நாவலை 'மிஸ் கமலா' என்னும் படமாக்கித் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னகத்தின் முதற்பெண் இயக்குநர் இவரே. 1939இல் 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார்.

நம் நாவல் வரலாறுகளில் வை. மு. கோதைநாயகிக்கு இடமுண்டு, அவர் காலத்தவரான இராஜலட்சுமியின் பெயரோ அரிதாகவே தென்படுகிறது. நடிகை என்னும் அடையாளம் எழுத்தை மறைத்துவிட்டது போலும். 1964இல் அவர் மறைந்தார். 'காளிதாஸ்' படச்சுருள் ஒன்றும் எஞ்சவில்லை.