சிகாகோவை மிரட்டிய தாதா அல் கபோன்... ஒரு கிருமியிடம் தோற்றது எப்படி?

1938 பிப்ரவரி. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் இருக்கும் அல்கட்ராஸ் தீவுச் சிறை. கைதி எண் 85, தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் குழம்பிப்போய் நிற்கிறார். வயது 39தான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை சிகாகோவே பெயரைக் கேட்டு நடுங்கிய அல் கபோன்தான் அந்தக் கைதி.

மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். கிரந்தி, மேகநோய் என்றெல்லாம் நம்ம ஊரில் சொல்லப்பட்ட சிபிலிஸ், அவருடைய மூளை வரைக்கும் போயிருந்தது.

யார் இந்த அல் கபோன்?

1899 ஜனவரி 17ஆம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில், இத்தாலியில் இருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 20 வயதையொட்டி, ஜானி டோரியோ என்ற தாதாவின் ஆளாக சிகாகோ போனார். அங்கே பாலியல் தொழில் விடுதி ஒன்றில் தகராறு செய்பவர்களைத் தூக்கி வெளியே போடுகிற வேலை. நோய் தொற்றியதும் அங்கேதான் என்கிறார்கள். அப்புறம் மதுவிலக்குக் காலம், கள்ளச் சாராயம், கோடிகளில் பணம். 26 வயதில் கும்பலுக்கே தலைவர். 1929 காதலர் தினத்தன்று எதிர்க் கும்பலைச் சேர்ந்த 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, எல்லாரும் கை காட்டியது இவரைத்தான். ஆனால் கடைசியில் 1931இல் 11 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது கொலைக்காக இல்லை, வருமான வரி ஏய்ப்புக்காக!

அந்தக் கிருமி என்ன செய்யும்?

டிரிபோனிமா பாலிடம். நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய சுருள் கம்பி மாதிரி இருக்கும் பாக்டீரியா. 1905இல் பெர்லினில் ஷாடின், ஹாஃப்மன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இது ஏமாற்றுகிற விதம்தான் பயங்கரம். தொற்றிய சுமார் மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். அது வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் தடிப்பு, காய்ச்சல் வரலாம், அதுவும் போய்விடும். 'சரியாயிடுச்சு'னு ஆள் நிம்மதியாக இருப்பார். கிருமியோ உடம்புக்குள்ளேயே பதுங்கியிருக்கும். சிகிச்சை எடுக்காதவர்களில் சிலருக்கு 10, 20 வருஷம் கழித்துகூட இதயம், ரத்தக்குழாய், மூளை என்று கை வைக்கும்.

இதில் மனசை உறுத்துவது ஒன்று உண்டு. கபோன் காலத்தில் இது வைத்தியமே இல்லாத நோய் கிடையாது. 1906இலேயே ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. 1910இல் சல்வர்சான் என்ற ஆர்சனிக் மருந்தும் விற்பனைக்கு வந்தது. கொஞ்சம் கடுமையான மருந்துதான், ஆனால் ஆரம்பத்திலேயே எடுத்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. பணத்துக்கும் அவருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த இளம் வயதில் அவர் முறையான சிகிச்சைக்குப் போனதாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பிறகு...

1939 நவம்பரில் வெளியே வந்தவரை பால்டிமோரில் இருந்த புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை சேர்த்துக்கொள்ளவில்லை. அதே ஊரின் யூனியன் மெமோரியல் மருத்துவமனை சேர்த்துக்கொண்டது. நன்றியாக அங்கே இரண்டு செர்ரி மரங்களைக் கொடுத்தார்.

அப்போது மூளை சிபிலிஸுக்கு ஒரு வினோத வைத்தியம் இருந்தது. நோயாளிக்கு வேண்டுமென்றே மலேரியாவை வரவழைத்து, அந்தக் காய்ச்சல் சூட்டில் கிருமியைச் சாகடிப்பது! இதற்கு 1927இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். 1940களில் பென்சிலின் வந்தது. அந்த மருந்து கிடைத்த முதல் சில அமெரிக்க நோயாளிகளில் கபோனும் ஒருவர். ஆனால் பென்சிலின் கிருமியைத்தான் கொல்லும். அது ஏற்கெனவே சிதைத்துவிட்ட மூளையைத் திருப்பித் தராது.

1946இல் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள், அவருடைய மனநிலை 12 வயதுச் சிறுவனுடையது போல இருப்பதாக முடிவு செய்தார்கள். ஃபுளோரிடா வீட்டு நீச்சல் குளத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார் என்றொரு கதையும் உண்டு. 1947 ஜனவரியில் பக்கவாதம் வந்தது, அடுத்து நிமோனியா. 25ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 48.

சிபிலிஸுக்கு இன்றைக்கும் முதல் மருந்து பென்சிலின் ஊசிதான். கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் விடிஆர்எல் என்று ஒரு வரி பார்த்திருப்பீர்களே, அது இந்த நோய்க்கான சோதனைதான். தாயிடம் இருந்து குழந்தைக்கும் இது போகும் என்பதால், கேள்விப்படாத பெயராக இருக்கே என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.