மானிப்பாய் டாக்டர்



மலர்க்குழு அண்ணன் கட்டுரை கேட்டு போன் செய்தார். ஹாஸ்டல் மெஸ், ஏனாத்தூர் பஸ், கடைசி பெஞ்ச் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். இன்ஜினியருக்கு எதுக்குப்பா டாக்டர் கதை என்று சிரித்தார். காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் தறி வீடு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். ஜக்கார்டு அட்டையில் இருக்கும் ஓட்டை எந்த நூலைத் தூக்கும், எதை விடும் என்று அப்பா சொல்லிச் சொல்லிப் பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். ஆனால் முதல் செமஸ்டரில் அதே மாதிரி விஷயம் ஆங்கிலத்தில் போர்டில் வந்தபோது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்று பேப்பர் அரியர். லேப்பில் இருந்த ஒரு அண்ணன் மாலையில் உட்கார்ந்து தமிழில் சொல்லித் தந்ததால்தான் கரையேறினேன். தமிழில் படித்ததுதான் என் கஷ்டத்துக்குக் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

இவர் 1822 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1847-ல் கப்பலேறி, அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த இலங்கைக்கு, அமெரிக்க மிஷனின் டாக்டராக வந்து சேர்ந்தார். மதம் பரப்பத்தான் வந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருஷமே யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில் மானிப்பாய்.

வந்த இடத்தில் காய்ச்சல், அம்மை, வாந்திபேதி. ஒரு டாக்டர் எத்தனை கிராமத்துக்குத்தான் ஓடுவார்? ஊர்ப் பிள்ளைகளையே டாக்டராக்கினால்தான் உண்டு என்று 1848-லேயே வகுப்பு தொடங்கிவிட்டார். படிக்கப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மிஷன் அதற்கு முன்பே கிராமம் கிராமமாகத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்திவந்தது. 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் உயர்கல்வியும் இருந்தது.

ஆரம்பத்தில் கிரீனும் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஆங்கிலம் படித்தவர்களை நல்ல சம்பளத்துக்கு அரசாங்கமும் டவுனும் இழுத்துக்கொண்டன. கிராமம் இருந்த இடத்திலேயே இருந்தது. 1855-ல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டதற்கும் இதே குறை ஒரு காரணம்.

இடையில் சில வருஷம் அமெரிக்கா போய்விட்டு 1862-ல் மனைவியோடு மானிப்பாய் திரும்பினார். 1864-ல் மருத்துவ வகுப்பை முழுக்கத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தமிழ் பேசுகிற ஊரிலேயே வைத்தியம் பார்ப்பான் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் வேட்டியை விட்டுத் தொப்பிக்கும் கால்சட்டைக்கும் மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை.

சரி, தமிழில் சொல்லித்தரப் புத்தகம் வேண்டாமா? அதையும் அவர்தான் உண்டாக்கினார். கூட உட்கார்ந்து உழைத்தவர்கள் அவரிடம் படித்தவர்கள்: டான்வோர்த், சாப்மன் போன்றவர்கள். அறுவை சிகிச்சைக்கு இரண வைத்தியம் (1867), உடற்கூறுக்கு கிரே புத்தகத்தின் தமிழாக்கமான மனுஷ அங்காதிபாதம் (1872), பொது மருத்துவத்துக்கு வைத்தியாகரம் (1872), வேதியியலுக்குக் கெமிஸ்தம் (1875). மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல்! இது போக, வாந்திபேதி வந்தால் என்ன செய்வது என்று சாதாரண ஜனங்களுக்குச் சின்னச் சின்னப் பிரசுரங்கள் வேறு.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த முறை எந்த இன்ஜினியரும் ஏற்கும் முறை. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வடமொழியில் தேடு. அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள். கெமிஸ்தம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். சண்டை இல்லை, பிடிவாதம் இல்லை. வேலை நடக்க வேண்டும்.

உடம்பு கெட்டு 1873-ல் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப் புத்தகப் படிகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். மனுஷ சுகரணம் என்ற உடலியல் நூல் 1883-ல் வெளிவந்தது. 1884 மே 28 அன்று காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்று தன் கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார். அவரிடம் படித்து டாக்டரானவர்கள் 60 பேருக்கு மேல். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள். மானிப்பாயில் கிரீன் நினைவு மருத்துவமனை இன்றும் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் போன பிறகு அந்தத் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. 1870-ல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. உத்தியோகத்துக்கு அதுதான் வழி. பிழைப்பு எந்தப் பக்கமோ படிப்பும் அந்தப் பக்கம். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியபோதும் பெற்றோர் கேட்ட முதல் கேள்வி வேலை கிடைக்குமா என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் அப்பாவும் அதைத்தான் கேட்டிருப்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குக் குடிதண்ணீர்த் திட்டங்களில் வேலை. கிராமங்களில் டேங்க் ஆபரேட்டர்களுக்குக் குளோரின் கலக்கும் முறையைச் சொல்லித்தர ஒரு கையேடு தயாரித்தேன். இருபது பக்கம், அழகான படங்கள், எல்லாம் ஆங்கிலம். ஆறு மாதம் கழித்து ஒரு ஊருக்குப் போனால் கையேடு பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு மூடியாகக் கிடந்தது. தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதித்தேன். மருந்து விட்டும் மஞ்சள் நிறமே வரவில்லை, அதாவது குளோரின் இல்லை. அந்தத் தெருவில் அந்த வாரம் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர்தான் காரணமா என்று தெரியாது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆபரேட்டர் பெரியவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு நான் எழுதிய பாஷையில் இருந்தது.

இரண வைத்தியத்தின் நகலை ஒரு நண்பர் காட்டியது அந்த நாட்களில்தான். 1867-லேயே கத்தி வைத்து அறுக்கிற வித்தையைத் தமிழில் எழுத முடிந்தது என்றால், குளோரினை எழுத முடியாதா? அந்தப் பெரியவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் வாயில் வந்த வார்த்தைகளிலேயே ஒரே பக்கம் எழுதினேன். கடைசிக் குழாயில் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பதைக் கடைசி வீட்டிலும் மஞ்சள் தெரியணும் என்று மாற்றியவர் அவர்தான். இப்போது அந்தப் பக்கம் டேங்க் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது.

தம்பி தங்கைகளே, ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள், எனக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் இந்த செமஸ்டரில் ஒரே ஒரு பாடத்தையாவது உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால், நமக்கே அந்தப் பாடம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். எழுதியதை ரீயூனியனுக்குக் கொண்டு வாருங்கள், நானும் உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.

மீண்டும் சந்திப்போம்.